கொம்பியூட்டர் ‘இல்லை’ என்று சொன்ன கோப்பு

அன்புள்ள தம்பி,

கலியாண வேலைகளில் ஒன்றைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் உன் சின்னம்மா எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துவிட்டாள். பலகாரம் சுட ஆள் பிடிப்பதும் அவள்தான், கூறைச் சேலைக்குக் கடை ஏறி இறங்குவதும் அவள்தான். "அக்கா, நீங்கள் மாப்பிள்ளையின்ரை தாய், பேசாமல் இருங்கோ" என்கிறாள். பேசாமல் இருப்பது எனக்கு வராத வேலை என்று உனக்குத் தெரியும். ஆகவே குசினிக்குப் பின்னால் காற்றுப் படுகிற இடத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம். நீ கட்டப்போகிற கௌரிக்கும் வாசித்துக் காட்டு, அவளுடைய அம்மா அப்பாவுக்கும் காட்டு. ஊர் முழுக்க வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

எழுத வைத்தவன் நீதான். போன மாதம் பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, நீ என்னைக் காட்டி ஒரு கதை சொன்னாய். "எங்கடை அம்மாவைச் சாதாரண ஆள் எண்டு நினைக்காதேங்கோ. பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரை ஒரே நாளிலை படுக்க வைச்சவா" என்றாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, பேச்சு மண்டபத்துக்கும் மேளத்துக்கும் மாறிவிட்டது. படுக்க வைத்தவளே அதை எழுப்பியும் விட்டாள் என்ற மிச்சக் கதை உன் வாயிலேயே தங்கிவிட்டது. சம்பந்தி அம்மா போகும்போது என் கையைப் பிடித்து, "பரவாயில்லை அக்கா, எங்களுக்கும் உதுகள் விளங்காது" என்று ஆறுதல் வேறு சொன்னார். தம்பி, வீட்டுக்கு வரும்வரை எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. ஆகவே கதையை முழுதாக நானே எழுதுகிறேன். கௌரி கொம்பியூட்டர் படித்தவள் அல்ல என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுவேன். நீ பொறுத்துக்கொள்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். வெளிநாட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, வீட்டைப் பார்த்து, கோயிலைப் பார்த்து, சாட்டிக் கடற்கரையில் குளித்துவிட்டுப் போனார்கள். அப்படி வந்துபோன பழைய மாணவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கொம்பியூட்டர் அனுப்பினார். அவற்றை ஓட்டியது எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ் அல்ல, லினக்ஸ். எங்கள் வேலணைத் தீவில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே அப்போது இரண்டு மூன்று பேர்தான். அனுப்பியவர் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்: பள்ளிக்கூடத் தவணை முடியமுதல் தான் ஒருமுறை வந்து பார்ப்பாராம், அப்போது பிள்ளைகள் அதில் தமிழில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமாம், சும்மா துணி மூடிக் கிடந்தால் ஆறையும் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவாராம். அவரில் பிழை சொல்ல மாட்டேன். தீவுப் பக்கம் வந்த எத்தனையோ சாமான் மூடியபடியே உக்கிப்போனதை அவரும் கண்டிருப்பார். ஆனால் அந்த ஆறும் திரும்பப் பண்ணைப் பாலம் ஏறி யாழ்ப்பாணம் போவதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கென்று வந்த ஒன்று, எல்லாம் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்குப் போவதா? அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், சனிக்கிழமை சனிக்கிழமை யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்க் கொம்பியூட்டர் படிச்சது நீங்கள் ஒராள்தான். உங்களை நம்பித்தான் நான் ஓம் எண்டனான்" என்றார். கணக்குப் படிப்பிக்கிறவள் நான். ஐம்பதைத் தொடுகிற வயதில் பொழுது போகட்டும் என்று படித்த படிப்பு அப்படி என் கழுத்துக்கு வந்தது.

தமிழ் எழுதுகிற செய்நிரல், அதுதான் புரோகிராம், ஒரு சீடியில் வந்திருந்தது. வந்தது ஆயத்தமான பலகாரமாக அல்ல, மாவும் சீனியும் தனித்தனியாக வந்தது என்று வைத்துக்கொள், கௌரி. யாரோ எழுதிய மூல எழுத்து அது. அதைக் கொம்பியூட்டர் ஓட்டக்கூடியதாக ஆக்கித் தருவது தொகுப்பான் என்கிற இன்னொரு செய்நிரல். கட்டளை ஒரு சொல்தான், அதை அடித்தேன். திரை முழுக்கப் பிழை ஓடியது. நான் வாசிக்கத் தொடங்கமுதலே ஓடி முடிந்து, கடைசியில் ‘முடியவில்லை’ என்று நின்றது. திரும்ப அடித்தேன், திரும்பவும் அதே. மின்சாரம் அப்போது பள்ளிக்கூடத்துக்கு இல்லை, பின்னேரத்தில் ஜெனரேற்றர் போட்டுத்தான் வேலை. எண்ணெய் முடிந்து அது இருமி நிற்கும்வரை அந்தப் பிழைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்றுதான் சந்தியில் இருந்த கொமினிக்கேசன் கடைக்குப் போய்க் கொழும்புக்கு உனக்கு ரெலிபோன் எடுத்தேன். நீ கொம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் சொல்லச் சொல்லக் கேட்டாய், நல்ல பிள்ளையாகத்தான் கேட்டாய். பிறகு சொன்னாய்: "அம்மா, உது உங்களுக்கு ஏலாது. பேசாமல் விடுங்கோ. தைப்பொங்கலுக்கு நான் வந்து செய்து தாறன்." பொங்கலுக்கு முதலே ஆள் வந்து பார்த்துவிடுவார் என்றேன். "அப்ப கொண்டு போகட்டும், அம்மா. நீங்கள் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்?" என்றாய். ரெலிபோனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லித் தந்தவள் நான். வகுத்தலில் மிச்சம் வரும்போது நீ பென்சிலை எறிவாய், நான் பொறுக்கிக் கொண்டுவந்து திரும்ப உன் கையில் தருவேன். ஒருநாளாவது உனக்கு ஏலாது என்று நான் சொன்னேனா? கண்ணைத் துடைத்தபிறகு நல்ல கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

அடுத்த நாள் ஆங்கிலம் படிப்பிக்கிற றெஜினா ரீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஊர்காவற்றுறையிலிருந்து வருகிறவர், வீட்டுக்காரர் கடல் தொழில். கொம்பியூட்டரைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று பயந்தவர். ஆனாலும் எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிழைகளை ஓடவிடாமல் ஒரு கோப்பில் பிடித்துவைத்து, மேலேயிருந்து மெதுவாக வாசித்தோம். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இத்தனை பிழையில் உண்மையான பிழை முதலாவது மட்டும்தான், மற்றதெல்லாம் அது பெற்ற பிள்ளைகள். அந்த முதல் வரி சொன்னது இதுதான்: எக்ஸ்லிப் என்றொரு தலைப்புக் கோப்பு வேண்டும், அப்படி ஒரு கோப்பு இல்லை. தலைப்புக் கோப்பு என்றால், கௌரி, திரையில் பெட்டி கீறு, எழுத்துக் காட்டு என்றெல்லாம் செய்நிரல் கேட்பதற்கு விளக்கம் எழுதியிருக்கிற கோப்பு. விளக்கம் கிடைக்காவிட்டால் தொகுப்பான் ஒரு அடி நகராது.

இல்லை என்றால் தீவுச் சனம் என்ன செய்யும்? பஸ் ஏறும். எங்களுக்கு ஆணியா, மருந்தா, கலியாணக் கார்டா, எது இல்லையென்றாலும் யாழ்ப்பாணம் போய் வாங்கி வருவதுதான் பழக்கம். இஞ்சை கிடக்குமோ என்று தேடவும் மாட்டோம், கிடைக்காது என்று பிறக்கும்போதே தெரிந்துகொண்டுதான் பிறக்கிறோம். நானும் அப்படியே சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கொம்பியூட்டர் வகுப்பு வைக்கிற இடத்தில் ஒரு பொடியன், நல்ல மரியாதையான பிள்ளை, "ரீச்சர், ஒண்டு ஒண்டாத் தேடினால் உங்களுக்குக் கஷ்டம். என்ரை மெஷினிலை கிடக்கிற தலைப்புக் கோப்பு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுத் தாறன், ஒண்டும் குறையாது" என்று சீடியில் எழுதித் தந்தான். சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, சீடியில் பாட்டு இருக்கிறதா என்று கேட்ட நேவிப் பிள்ளைக்கு இல்லை என்று தலையாட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். ஏதோ பூப்பெய்த பிள்ளைக்கு நகை கொண்டுவருகிறவள் மாதிரிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

அள்ளிக் கொண்டுவந்ததை அப்படியே எங்கள் மெஷினில் கொட்டினேன். இருந்ததுக்கு மேலே கொட்டினேன். நீ பெண் வீட்டில் சொல்லிச் சிரித்தது இந்த இடத்தைத்தான். அந்தப் பொடியனின் லினக்ஸ் வேறு, எங்களுடையது வேறு. இரண்டும் ஒரே பெயருள்ள கோப்புகள், உள்ளே எழுதியிருப்பது வேறு. தொகுப்பானுக்கு ஒரே சொல்லுக்கு இரண்டு விளக்கம் கிடைத்துவிட்டது. புதுச் செய்நிரல் கிடக்கட்டும், முதல்நாள் வரை ஓடிய, பிள்ளைகளுக்கு நான் எழுதிக் காட்டிய வணக்கம் சொல்கிற நாலு வரிச் செய்நிரலும் செத்துப்போயிற்று. அதிபர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். றெஜினா ரீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனால் தம்பி, நான் விழுந்து கிடக்கவில்லை. ஆறு மெஷினும் ஒரே ஆள் ஒரே மாதிரி ஆயத்தப்படுத்தி அனுப்பியவை. நான் பழுதாக்கியது ஒன்றைத்தானே? பக்கத்து மெஷினில் சுத்தமாகக் கிடந்த கோப்புறையைச் சீடியில் எழுதி எடுத்து, நான் கொட்டியதையெல்லாம் அழித்து, அதை அந்த இடத்தில் வைத்தேன். நாலு வரிச் செய்நிரல் திரும்ப எழும்பி வணக்கம் சொன்னது. படுக்க வைத்ததை எழுப்பிய கதை இதுதான். உனக்கு இந்த இடம் எப்படி மறந்துபோனதோ தெரியாது.

எழுப்பினாலும் நான் நின்றது தொடங்கிய இடத்தில்தான். எக்ஸ்லிப் இல்லை, இல்லை, இல்லை. திரும்பவும் பட்டணம் போய்ச் சரியான கோப்பைத் தேடுவதென்று நினைத்தேன். மாரிமழை பிடித்துக்கொண்டது. வீதியில் வெள்ளம், பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் நனைந்த பிள்ளைகள் கொஞ்சம், நான், றெஜினா ரீச்சர். அவரிடம் பொருமினேன். "இது ஒண்டு இல்லாததாலை ஆறு மெஷினும் போகப்போகுது, ரீச்சர். மழை விட்டவுடனை ரவுணுக்குப் போனால்தான் சரி" என்றேன். அவர் சும்மா கேட்டார்: "அக்கா, உது இல்லை இல்லை எண்டுது. எங்கை எங்கை தேடிப்போட்டுச் சொல்லுது?"

நான் அவரைப் பார்த்தேன். தம்பி, அந்தக் கேள்வியை இந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்கிறவள் நான்! நீ அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, என்ரை நீலச் சேட்டு இல்லை" என்று கத்துவாய். "எங்கை தேடினனீ?" என்பேன். "அலுமாரியிலை" என்பாய். சேட்டு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். உன் அப்பா இன்றைக்கும் அப்படித்தான், மேல் தட்டில் மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் உப்பே இல்லை என்பார். உங்கள் இரண்டு பேரையும் ஒருநாளும் நம்பாத நான், ஒரு மெஷின் இல்லை என்றவுடன் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். அது ஆங்கிலத்தில் சொன்னதால் நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

"ஜெனரேற்றரைப் போடச் சொல்லும், றெஜினா" என்றேன். தொகுப்பானிடம் விவரமாகப் பேசச் சொல்ல ஒரு வழி உண்டு என்று வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. கட்டளையோடு ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்து அடித்தேன். வழக்கமான பிழைகளுக்கு மேலே, தேடுதல் இங்கே தொடங்குகிறது என்று சொல்லித் தான் தேடிய கோப்புறைகளின் பெயரை ஒன்றின்கீழ் ஒன்றாகக் காட்டியது. மூன்றே மூன்று இடம்! கோப்புகள் எல்லாம் கிடக்கிற அவ்வளவு பெரிய வட்டில் மூன்று இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று கைவிரித்திருக்கிறது. பொய் சொன்னதென்று சொல்ல மாட்டேன். தேடச் சொன்ன இடத்தில் தேடியது. வேறு இடம் சொல்லிக் கொடுக்க நாங்கள்தான் ஒருவரும் இருக்கவில்லை.

பிறகு கொம்பியூட்டர் முழுவதையும் துருவி எக்ஸ்லிப் என்ற பெயருள்ள கோப்பைத் தேடு என்று கட்டளை கொடுத்தேன். வட்டு கறகறவென்று சுற்றியது. றெஜினா ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஒரு வரி வந்தது. திரையில் ஜன்னல் மாதிரிப் பெட்டிகள் கீறுகிற பகுதிக்கென்று லினக்ஸ்காரர் தனியாக ஒரு கோப்புறை கட்டி, அதற்குள் இன்னொன்று கட்டி, அதற்குள் வைத்திருக்கிறார்கள். பெட்டி பிரித்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. எங்களிடம் இருந்திருக்கிறது, தம்பி! வேலணையில், எங்கள் பள்ளிக்கூடத்தில், ஆறு மெஷினிலும் இருந்திருக்கிறது. அதைத் தேடி நான் பட்டணம் போய் வந்திருக்கிறேன்.

மிச்சம் சின்ன வேலை. இந்த இடத்திலும் பார் என்று அந்தக் கோப்புறையின் பெயரைக் கட்டளையில் சேர்த்தேன். பிழை ஒன்றும் இல்லாமல் வரிகள் இறங்கத் தொடங்கின. கடைசிக் கட்டத்தில் இன்னொரு கோப்பு இல்லை என்று நின்றது. இந்த முறை நான் சிரித்தேன். அதுவும் அதே வீட்டில் பக்கத்து அறையில்தான் இருக்கும் என்று போய்ப் பார்த்தேன், இருந்தது. அந்த இடத்தையும் சேர்த்து அடித்தேன். முடிந்தது. செய்நிரல் திறந்தது. "நீர் அடியும்" என்று றெஜினாவிடம் சொன்னேன். பயந்து பயந்து ஒரு விரலால் தட்டினார். திரையில் ‘அ’ வந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பாக, வட்டமாக, எங்கள் ‘அ’. நாங்கள் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அதிபர் வேட்டிக் கரையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ளால் ஓடிவந்தார், ஜெனரேற்றர் வெடித்துவிட்டதாக்கும் என்று.

அனுப்பியவர் வந்த அன்று ஆறு மெஷினிலும் பிள்ளைகள் இருந்து எழுதினார்கள். ஒரு சின்னப் பெட்டை தன் பெயரை அடித்து, அதற்குக் கீழே ‘வேலணை’ என்று அடித்து, அந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அதிபரிடம், "நல்லாச் செய்திருக்கிறியள். ரவுணிலையிருந்து ஆர் வந்து செய்து தந்தது?" என்று கேட்டார். அதிபர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "ஒருத்தரும் வரேல்லை. எங்கடை கணக்கு ரீச்சர்தான்" என்றார். என் வாழ்க்கையில் எனக்கு மாலை விழுந்தது இரண்டு தரம், தம்பி. ஒன்று உன் அப்பா போட்டது. மற்றது அந்த வசனம்.

கொம்பியூட்டர்கள் எங்கும் போகவில்லை. அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு ஒன்று வந்தது, அதிலும் தமிழ்ச் செய்நிரலை நான் வள்ளத்தில் போய் ஆக்கிக் கொடுத்தேன். சீடி எழுதித் தந்த பட்டணத்துப் பொடியனே ஒருநாள் ஆளனுப்பி, அந்தத் தமிழ்ச் செய்நிரலைத் தன் மெஷினிலும் ஆக்கித் தர ஏலுமோ என்று கேட்டான். போய்ச் செய்து கொடுத்து, அவன் வாங்கித் தந்த ஐஸ்கிறீமையும் குடித்துவிட்டு வந்தேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்த வருஷம் வந்தது. நீ கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தாய். வேலை செய்கிற இடத்தில் ஏதோ தலைப்புக் கோப்பு இல்லை என்று தொகுப்பான் நிற்கிறதாம், காலைமுதல் மல்லுக்கட்டுகிறாயாம். "அம்மா, உங்கடை அந்தத் தேடுற இடத்தைக் காட்டுற வழி என்ன?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "தைப்பொங்கலுக்கு வா, செய்து தாறன்" என்றேன். பிறகு சொல்லித்தான் தந்தேன், தாய்தானே. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை நான் எதற்கும் விற்க மாட்டேன்.

இனிப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் என்னைத் தாய் என்று யார் சொல்வார்? கேள். குடும்பம் என்றால் சண்டை வரும். திரை முழுக்கப் பிழை ஓடும். கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதே, முதலில் எது இடறியது என்று மேலே போய்ப் பார். அநேகமாக அது ஒரு சின்ன விஷயமாக இருக்கும். அடுத்தது, என் வீட்டுப் பழக்கங்களை அள்ளிக்கொண்டு போய்க் கௌரியின் மேல் கொட்டாதே. அம்மாவின் மீன் குழம்பு இப்படி, அம்மா இதை இப்படி வைப்பா என்று தொடங்காதே. அவள் வேறு வீட்டில் வளர்ந்தவள், ஒரே சொல்லுக்கு அவளிடம் வேறு விளக்கம் இருக்கும். கொட்டினால் என்ன நடக்கும் என்று நான் பட்டுத் தெளிந்தவள். அவளிடம் பாசம் இல்லை, அக்கறை இல்லை என்று உனக்கு எப்போதாவது தோன்றினால், எங்கே தேடினாய் என்று உன்னையே கேள். உன்னை நான் அறிவேன், நீ அலுமாரிக் கதவடியில் நின்று கத்துகிறவன்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு நீ எனக்கு ஏலாது என்று சொன்னது என்மேல் உள்ள பாசத்தால்தான். அம்மா கஷ்டப்படக்கூடாது என்று நினைத்தாய். அது எனக்கு அப்போதும் தெரியும், ஆனாலும் நோகத்தான் செய்தது. கௌரிக்கும் ஒருநாள் ஏதாவது ஒன்று பிடிபடாமல் நிற்கும். அப்போது, நான் செய்து தாறன் என்று அவள் கையிலிருந்து பறித்துவிடாதே, ராசா. உனக்குத் தெரிந்த வேலையாக இருந்தாலும் பறிக்காதே. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இரு. றெஜினா ரீச்சருக்குக் கொம்பியூட்டரில் ஒரு எழுத்தும் தெரியாது. நான் விழுந்த அன்றும் எழும்பிய அன்றும் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வெல்ல அது போதுமாக இருந்தது.

அன்புடன்,
அம்மா